கையை ஊன்றாமல்

கலியமூர்த்தி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார் என்பதைத் தனக்கோடி சொம்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். காலையில் வேலைக்குப் போகும்போது கட்டிலோரம் முக்காலி மேல் நிரப்பி வைத்துவிட்டுப் போன சொம்பு, சாயங்காலம் திரும்பி வந்தபோதும் நிரம்பியே இருந்தது. அதில் ஒரு ஈ மிதந்தது. முதல் நாள், மறந்திருப்பார் என்று விட்டுவிட்டாள். மறுநாளும் அப்படியே இருக்கவும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"தொண்ட காயலியா உங்களுக்கு?"

"காயல."

"ஆனி மாசத்துக் காத்துல ஊரே நாக்கு வறண்டு கெடக்குது. உங்களுக்கு மட்டும் காயலியா?"

"காயலன்னா வுடேன்."

அவள் விடவில்லை. சொம்பை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"குடிச்சா எழுந்து போவணும். எழுந்து போனா வுழுவணும். எதுக்கு?"

தனக்கோடி சொம்பை முக்காலி மேல் வைத்தாள். கக்கூஸ் வீட்டுக்குப் பின்புறம் இருந்தது. படியிறங்கித்தான் போகவேண்டும். போன மாதம் அந்தப் படியில் கால் மடங்கி விழுந்தவர், அவள் வேலை முடிந்து வரும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. முழங்கை தேய்ந்ததோடு சரி. ஆனால் வேட்டி நனைந்து காய்ந்து கிடந்த கோலத்தில் பெண்டாட்டி வந்து பார்த்ததுதான் அவருக்குள் எதையோ முறித்துவிட்டது.

மகன் கோகுலகிருஷ்ணன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருந்தான். போனில் ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னான்.

"அவரால தனியா எழுந்திரிக்க முடியலன்னா எப்பிடிம்மா வுட்டுட்டு வேலைக்குப் போவ? வூட்டப் பூட்டிக்கிட்டு இங்க வந்துடுங்க ரெண்டு பேரும்."

வந்துவிடுங்கள் என்ற அதே குரலில் வராதீர்கள் என்பதும் இருந்தது. அவன்மேல் தப்பில்லை. ஒற்றை அறை. அதில் அவன், அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். கட்டில் போட்டால் கதவைத் திறக்க முடியாது. ஒருமுறை போய்த் தங்கியபோது, எங்கே கால் நீட்டுவது என்று தெரியாமல் கலியமூர்த்தி விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். அதனால் தனக்கோடிக்கு இப்போது ஒரே ஒரு காரியம்தான் ஆகவேண்டியிருந்தது. இந்த மனிதர் பிறர் கை பிடிக்காமல் எழுந்து நிற்கவேண்டும். அது நடந்தால் அவள் வேலைக்குப் போகலாம், கஞ்சி குடிக்கலாம், இந்த வீட்டிலேயே இருக்கலாம். நடக்காவிட்டால் எதுவும் இல்லை.

ஆட்டோ வைத்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சின்னப் பெண். முகத்தில் தூக்கம் போதாத சோர்வு. அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஐயா, கையை ஊணாம எழுந்திருங்க பாப்போம்."

இதுதானா என்பதுபோல அவர் சிரித்தார். முன்னால் குனிந்தார். உடம்பு ஒரு சாண் எழும்பி, மறுபடி பொத்தென்று உட்கார்ந்தது. மறுபடி எழும்பினார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு டாக்டர் பார்க்காதபோது கையை மெதுவாக நாற்காலிப் பிடிக்குக் கொண்டுபோனார். டாக்டர் பார்த்துவிட்டாள். பார்க்காததுபோல இருந்தாள்.

"பரவால்ல. என் ரெண்டு விரலப் புடிங்க. நல்லா அழுத்திப் புடிங்க."

பிடித்தார். டாக்டர் காத்திருந்தாள்.

"அழுத்துங்கய்யா."

"அழுத்தித்தாம்மா புடிச்சிருக்கேன்."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின் டாக்டர் தனக்கோடியை உட்காரச் சொன்னாள்.

"வைட்டமின் டி-ன்னு ஒரு சத்து, அம்மா. வெயில் தோல்ல பட்டாத்தான் உண்டாகும். ஐயாவுக்கு அது ரொம்ப ரொம்பக் கம்மியா இருக்கு."

"வெயிலா?" தனக்கோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விருத்தாசலத்துல வெயிலுக்கா டாக்டரு பஞ்சம்? ரோட்டுல அப்பளம் சுடலாமே."

"ரோட்டுல இருக்குது. இவர் மேல பட்டுதா? என்ன வேலை பாத்தாரு?"

"சூளை மேஸ்திரி. பீங்கான் கம்பெனியில. இருட்டோட போயி இருட்டோட வருவாரு. அப்புறம் அங்கேயே ராத்திரி வாட்ச்மேனு. பகல்ல தூங்குவாரு."

"நான் நெருப்புக்கு முன்னாலயே நின்னவம்மா," என்றார் கலியமூர்த்தி. "என் மேல படாத சூடா?"

"அந்தச் சூடு வேற ஐயா. அதுல இந்தச் சத்து வராது."

டாக்டர் தனக்கோடிக்கு வரிசையாகச் சொன்னாள். ஒரு பொடிப் பாக்கெட், வாரத்துக்கு ஒன்று, பாலில் கலந்து. ஒன்றுக்கு மேல் கூடாது. முட்டை, பருப்பு, சுண்டல். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பழகவேண்டும். வெயிலில் கை, கால், முதுகு படும்படி கொஞ்ச நேரம் உட்காரவேண்டும்.

"காலையில எள வெயில்ல ஒக்கார வச்சிடறேன்."

"இள வெயில் இதமா இருக்கும்மா, அவ்வளவுதான். பொழுது ஏறி வர்ற வெயில்லதான் சத்து. தலை சுத்துறவரைக்கும் வச்சிடாதீங்க. அப்புறம், பாக்கெட்டும் வெயிலும் மட்டுமே ஆளத் தூக்கி நிறுத்திடும்னு நெனைக்காதீங்க. எலும்பும் மெலிஞ்சிருக்கு, சதையும் போயிடுச்சு. முக்கியமா விழக்கூடாது. இப்ப விழுந்தார்னா..." டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிந்ததும் கலியமூர்த்தி சொன்னார்.

"அத்தன வருசம் வெந்தது கணக்குலயே இல்லியாம், கோடி."

வெயில் தேடிய தனக்கோடிக்கு வீட்டில் வெயில் கிடைக்கவில்லை. ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் குறுகலான சந்து அது. இந்தப் பக்கத்து வீட்டுக்காரன் மாடி எழுப்பிவிட்டான், அந்தப் பக்கத்தவன் அவனைப் பார்த்து இன்னும் ஒரு மாடி எழுப்பினான். நடுவில் இவர்களின் ஓட்டு வீட்டுக் கொல்லையில் உச்சிப் பொழுதில்கூட வெயில் ஒரு முறம் அகலத்துக்குத்தான் விழும். அதுவும் கக்கூஸ் கதவின் மேல். சந்தில் உட்கார வைக்கலாம் என்றால், மோட்டார் சைக்கிள்காரர்கள் காலை மிதித்துக்கொண்டு போவார்கள்.

தனக்கோடிக்குத் தெரிந்து தடையில்லாமல் வெயில் கொட்டுகிற இடம் ஒன்றுதான். அவள் வேலை செய்கிற பொம்மைப் பட்டறையின் களம்.

பட்டறை பாக்கியநாதனுடையது. பெரிய கம்பெனி இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு சூளை, நாலைந்து ஆட்கள். கரைத்த வெள்ளை மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து, முயலும் வாத்தும் யானையுமாகப் பலகையில் அடுக்குவார்கள். அச்சின் மூட்டு பொம்மையின் மேல் கோடுபோல் நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது தனக்கோடியின் வேலை. எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் பொம்மை வெடித்துவிடும். முதலில் நிழலில் ஆறவிட்டு, பிறகுதான் களத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பி வைத்துக் காயவிடவேண்டும். சூளையில் வேகாத இந்தப் பச்சைப் பொம்மைகளுக்கு ஒரே எதிரி மழை. நாலு சொட்டு விழுந்தால் முயலுக்குக் காது இருக்காது.

அதனால் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. "மழ!" என்று ஒரு குரல் கேட்டால் கையில் சோறு இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப் பலகையைத் தூக்கவேண்டும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கை தானாகப் படித்துக்கொள்ளும். தனக்கோடியோடு வேலை பார்க்கும் அமலராணி ஒருமுறை பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை மண்மூட்டை மேல் போட்டுவிட்டுப் பலகைக்கு ஓடினாள். அந்தப் பிள்ளை இப்போது காலேஜ் படிக்கிறது. இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பாக்கியநாதனிடம் கேட்கத் தனக்கோடி கூச்சப்பட்டாள். அவர் யோசிக்கவேயில்லை.

"மேஸ்திரி வந்து ஒக்காரட்டும்மா. எடத்துக்கா வாடகை கேக்கப்போறேன்? வெயிலு என் அப்பன் வூட்டுதா?"

மறுநாள் கலியமூர்த்தியைத் தோளில் சாய்த்து இரண்டு தெரு நடத்திக் கூட்டிவந்தாள். அடையாளம் தெரியக்கூடாது என்று அவர் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டார். அப்படிப் போட்டதாலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பலகை வரிசைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சட்டையைக் கழற்றி உட்கார வைத்தாள். முதுகெலும்பு கண்ணி கண்ணியாகத் தெரிந்தது. தோல் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்திருந்தது.

அமலராணி கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, மாமாவ வடாம் மாரி காய வச்சிட்டியே. ஒரு பக்கம் காஞ்சதும் சொல்லு, திருப்பிப் போடலாம்."

"போடி, வாயி."

"மாமா, நெழல்ல ஆறுனீங்களா? நேரா வெயில்ல வச்சா வெடிச்சிடுவீங்க."

கலியமூர்த்தி துண்டுக்குள்ளிருந்து சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு தனக்கோடி கேட்ட சிரிப்பு அது. "நான் எப்பவோ வெந்துட்டேன் புள்ள," என்றார். "இனிமே எங்க வெடிக்கிறது?"

ஆடி முழுக்க இப்படிப் போனது. அவள் அவித்த முட்டையும் வேர்க்கடலையும் கட்டி எடுத்துவருவாள். ஞாயிற்றுக்கிழமை பாலில் பொடி கலந்து கொடுப்பாள். பட்டறைத் தரை சமமாக இருந்தது, கக்கூஸ் பக்கத்திலேயே இருந்தது, கூப்பிட்டால் வர ஆளிருந்தது. அதனால் அவர் மறுபடி தண்ணீர் குடித்தார். சொம்பு காலியாவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

ஒரு காலத்தில் பீங்கான் கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள் அமலராணி; இப்போது வேலைக்கு நடுவே வந்து நின்று அவரை அதிகாரம் பண்ணுவாள். "எங்க, எழுந்திரிங்க மாமா. அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு. ஊம். ஒக்காருங்க. மறுபடி. என்ன, மூச்சு வாங்குது? மேஸ்திரியா இருந்தப்ப எங்கள எப்பிடி வெரட்டுனீங்க!"

"நான் உன்ன வெரட்டுனேனா? நீதான் மண்ணு மூட்டைக்குப் பின்னால படுத்துத் தூங்குவ."

"பாத்தியாக்கா, இதெல்லாம் மறக்கல பாரு."

முதலில், நாற்காலிக்குப் பக்கத்தில் நட்டிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து எழுந்தார். பிறகு ஒரு கையால். ஒரு கையையும் விடு என்றால் விடமாட்டார். விட்டால் கால் நடுங்கி, உடம்பு நாற்காலியைத் தேடிப் போய்விடும். இருந்தாலும் தனக்கோடி கோயில் ராஜகோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். பழமலைநாதா, ஒரு தடவ. அவரு கைய ஊணாம ஒரு தடவ எழுந்து நிக்கறத நான் பாக்கணும். அது போதும்.

அவருக்கு வேறு ஒரு சங்கடம் இருந்தது. சுற்றி எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, தான் மட்டும் உட்கார்ந்திருப்பது. "சும்மா ஒக்காந்து முட்ட திங்கறேன்," என்று முனகுவார். கைக்கு எட்டுகிற பலகையிலிருந்த முயல்களைத் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். அதில் என்ன இருக்கிறது என்று பாக்கியநாதன் விட்டுவிட்டார். அன்றிலிருந்து நாற்காலிக்குப் பக்கத்து முக்காலி மேல் முயல் பலகை ஒன்று எப்போதும் இருக்கும். விரல் நடுங்க நடுங்க ஒவ்வொரு முயலாகத் திருப்பி, காதைத் தடவிப் பார்த்து வைப்பார். அது அவர் பலகை என்றானது.

ஆவணியில் கொலுவுக்கான ஆர்டர் குவிந்தது. களத்தில் கால் வைக்க இடமில்லை. அன்றைக்கு வெயில் காலையிலிருந்தே கடுப்பாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே வந்து படுங்கள் என்று தனக்கோடி கூப்பிட்டாள்.

"இன்னும் செத்த இருக்கேன். இந்தப் பக்கம் காஞ்சிடட்டும்."

"எது? உங்களுக்கா, மொயலுக்கா?"

"ரெண்டுந்தான் வச்சுக்கயேன்."

அவள் கொட்டகைக்குள் போய் யானைத் தும்பிக்கை ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கத்தி முனை தெரியாத அளவுக்கு வெளிச்சம் குறைந்தது. மணிமுத்தாற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று புழுதியைத் தள்ளிக்கொண்டு வந்தது. தகரத்தின் மேல் கல் விழுந்ததுபோல ஒரு சொட்டு.

"மழ!"

யார் கத்தினார்கள் என்று தெரியாது. அவளே கத்தியிருக்கலாம். யானை ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம். ஓடினாள். கொட்டகை வாசலுக்கு அருகிலிருந்த வாத்துப் பலகையைத் தோளில் ஏற்றி உள்ளே கொண்டுவந்து சரித்தாள். திரும்ப ஓடி இன்னொன்று. அமலராணி எதிரே ஒரு பலகையுடன் வந்தாள், இருவரும் இடித்துக்கொள்ளாமல் விலகினார்கள். பாக்கியநாதன் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஏதோ கத்தினார். அந்த நேரம் முழுக்க, களத்தின் நடுவே நாற்காலியில் புருஷன் உட்கார்ந்திருக்கிறார் என்பது தனக்கோடியின் நினைவிலேயே இல்லை. பலகை, உள்ளே, பலகை, உள்ளே. கைகள் அப்படித்தான் பழகியிருந்தன.

மறுபடி வெளியே வந்தபோதுதான் பார்த்தாள்.

அவர் நின்றுகொண்டிருந்தார்.

கம்பியைப் பிடிக்கவில்லை. நாற்காலியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையிலும் முயல் பலகை இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, மழைக்கு முகத்தைத் தாழ்த்தி, கொட்டகையைப் பார்த்து நின்றார். அவரும் அந்தக் குரலைக் கேட்டிருந்தார். அவர் கைகளும் படித்தவைதாம்.

கீழே வையுங்கள் என்று அவள் கத்தியிருக்கவேண்டும். ஓடிப்போய்ப் பிடித்திருக்கவேண்டும். இரண்டையும் செய்யாமல் தனக்கோடி நின்ற இடத்தில் நின்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. இதோ எழுந்துவிட்டார், கையை ஊன்றாமல் எழுந்துவிட்டார் என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பி வந்தது. கண் இமைக்கிற நேரம்தான் இருக்கும். அந்த நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது, பார்த்து நிறைவதற்கு.

அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். நனைந்த மண் எண்ணெய்போல வழுக்கியது. பலகை முன்னால் போனது, அவர் பக்கவாட்டில் சரிந்தார். இடுப்பு தரையில் பட்ட சத்தம் பெரிதாக இல்லை. பச்சைப் பொம்மை கைதவறி விழுந்தால் கேட்கும் சத்தம்தான்.

அமலராணி பலகையோடு அவரைத் தாண்டி ஓடி, அதை உள்ளே வைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள். "பலகைய வுடுங்கடி! மனுசனப் பாருங்கடி!" என்று பாக்கியநாதன் அலறினார். தனக்கோடி புருஷனின் தலையை மடியில் எடுத்தபோது சுற்றிலும் முயல்கள் கிடந்தன. காதுகள் முதலில் கரைந்தன. பிறகு முகம். வெள்ளையாக ஓடிய தண்ணீரில் அவர் வேட்டியும் அவள் புடவையும் ஒரே நிறமானது.

"வலிக்குதாங்க?"

"பலகைய எடு," என்றார் அவர்.

கடலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் என்றார்கள். பிறகு நெஞ்சுக்குத் தாங்காது என்றார்கள். எலும்பும் ஆணி அறைந்தால் நிற்கிற எலும்பாக இல்லை என்றார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் பல நாள் வைத்திருந்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தனக்கோடி கேட்கவில்லை. சொன்னவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கோகுலகிருஷ்ணன் லீவு போட்டு வந்து தகப்பனைத் தூக்கிக் கட்டிலில் போட்டான்.

"சொன்னா கேட்டியாம்மா? அப்பவே வந்துடுங்கன்னு சொன்னேன்ல?"

"இப்ப வந்துடறோம்டா."

அவன் கட்டிலைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். "இந்த நெலமையில எப்பிடிம்மா பஸ்ஸுல..." என்று ஆரம்பித்தவன், வெளியே போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டு, சாயங்கால வண்டிக்குப் போனான்.

தனக்கோடி வேலையை விட்டுவிட்டாள். அமலராணி முதலில் அடிக்கடி வந்தாள். வரும்போதெல்லாம் ஏதாவது கேலி பேச வாயெடுப்பாள், அது வராது. கொண்டுவந்த பழத்தை வைத்துவிட்டு, "வரேங்க்கா" என்று போய்விடுவாள். பிறகு வருவதும் குறைந்தது. கார்த்திகை வந்தது. கட்டிலில் பட்ட இடமெல்லாம் அவருக்குப் புண். வெயிலில் கொஞ்சம் நிறம் ஏறியிருந்த முதுகு மறுபடி பழைய சுண்ணாம்பு நிறத்துக்குப் போய்விட்டது. அவளுக்குத்தான் தெரியும். அவள்தான் துடைக்கிறாள்.

மழை விட்டிருந்த ஒரு பகலில், இரண்டு மாடிகளுக்கு இடையே எப்படியோ நுழைந்து ஒரு துண்டு வெயில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. கட்டில் காலுக்கு ஒரு முழம் தள்ளி, தரையில். தனக்கோடி கட்டிலை அதன் பக்கம் இழுத்தாள். அவர் அலறிவிட்டார். கையை எடுத்தாள். பிறகு இழுக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாலில் பொடியைக் கலக்கி ஸ்பூனால் ஊட்டினாள். பாதி உள்ளே போனது.

"கோடி."

"ஊம்."

"அந்தப் பலகையில இருந்த மொயலெல்லாம் கரைஞ்சி போச்சா?"

"இல்லிங்க. உள்ள கொண்டுபோயாச்சு."

"எல்லாமா?"

"எல்லாந்தான். சூளையில வெந்து, கலரு அடிச்சு, கொலுவுக்குப் போயிடுச்சு."

அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் எழுந்தேன் பாத்தியா? கைய ஊணல."

"பாத்தேன்."

"நெசமா பாத்தியா? நீ உள்ள இருந்தியே."

"வெளிய வந்துட்டேங்க. பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. தனக்கோடி சொம்பை எடுத்தாள். தலையைத் தூக்கிப் பிடித்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினார்.

"ஒரு வாயி குடிங்க."

"வேணாம்."

"நான் வூட்டுலதான இருக்கேன். நான்தான எடுத்துப் போடறேன்."

"அதுக்குத்தான் வேணாங்கறேன்."

தரையிலிருந்த வெயில் ஜன்னல் பக்கமாகச் சுருங்கிக்கொண்டே போனது. அது போய்ச் சேரும்வரை அவள் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு முக்காலி மேல் வைத்தாள், காலையில் வைத்ததைப் போலவே, நிறைய.